குழந்தைகளின் நிழலுருவப் படம்: எண்ணெய் வைத்த தலையெல்லாம் வெள்ளைத் திட்டாக வருகிறது, என்ன செய்யலாம்?

ஒண்ணாப்பு_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். தாராபுரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு நடத்துகிறேன். மொத்தம் 19 பிள்ளைகள். கோடை லீவு விடுகிற அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளை கையிலும் அதனுடைய நிழலுருவப் படத்தைக் கொடுத்து அனுப்ப ஆசை. பக்கவாட்டு முகம் முழுக் கருப்பு, பின்னால் வெறும் வெள்ளை, கீழே பெயர். வீட்டில் ஆணி அடித்து மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது சாதாரண ஆண்ட்ராய்டு போன், பள்ளியின் பழைய லேப்டாப், அதில் ஜிம்ப் 2.10 என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள். வகுப்பறைச் சுவரோரம் சில பிள்ளைகளை நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். ஜிம்ப்பில் த்ரெஷோல்ட் (படத்தை வெறும் கருப்பு, வெள்ளையாகப் பிரிப்பது) கொடுத்தால் முகம் கருப்பாகிறது, தலையில் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. காலையில் அம்மாமார் தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்து வாரி அனுப்புகிறார்கள். அந்த மினுமினுப்பெல்லாம் ஓட்டையாக விழுகிறது. யூனிஃபார்ம் சட்டையும் வெள்ளை என்பதால் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஸ்லைடரை இன்னும் தள்ளினால் சுவரும் சேர்ந்து கருத்துப்போகிறது. ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி நறுக்கு நறுக்காகத் தெரிகிறது.

இன்னும் சில சந்தேகங்கள். பங்குனி உத்திரத்துக்குப் பழனி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். முடி வளரும்வரை காத்திருக்க நாள் இல்லை. ஒரு பெண் கண்ணாடி போட்டிருக்கிறாள், கழற்றச் சொல்லலாமா? ஒரு அம்மா, "முகந்தான் தெரியாதுல்லங்க டீச்சர், வாட்ஸ்அப் குரூப்புல போட்டுருங்க" என்கிறார். போடலாமா?

போட்டோஷாப் வாங்க வசதியில்லை. ஜிம்ப்பிலேயே சொல்லிக்கொடுத்தால் நல்லது.

---

கும்பகோணம்_ஸ்டுடியோக்காரர்

டீச்சரம்மா, நல்ல காரியம் எடுத்திருக்கிறீர்கள். எண்ணெய்த் திட்டு, காணாமல் போன சட்டை, கருத்த சுவர், மூன்றுக்கும் காரணம் ஒன்றே. பிள்ளையின் மேல் முன்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது. நிழலுருவத்துக்கு வெளிச்சம் பிள்ளைக்குப் பின்னால் மட்டும் இருக்க வேண்டும். அப்படி எடுத்தால் வெள்ளைச் சட்டையும் கருப்பாகத்தான் விழும், எண்ணெய் மின்னவே மின்னாது. ஜிம்ப்பில் மணிக்கணக்காக உட்கார்ந்து அழிக்க வேண்டியதில்லை.

உங்கள் வகுப்பறை வாசல் வராண்டாப் பக்கம் திறக்கும் என்று நினைக்கிறேன். இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி ஒன்றை அந்த வாசலில் மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். வெயில் நேராக வேட்டியில் அடிக்காத நேரமாகப் பாருங்கள், வானத்து வெளிச்சம் மட்டும் வந்தால் போதும். டியூப்லைட்டை அணைத்து, மற்ற ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். பிள்ளை வேட்டியை ஒட்டி நிற்கக் கூடாது, இரண்டு மூன்று அடி முன்னால் நிற்கட்டும். ஒட்டி நின்றால் வெளிச்சம் சுற்றிக்கொண்டு வந்து உதட்டையும் இமை முடியையும் தின்றுவிடும்.

நீங்கள் ஆறேழு அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கன்னம் முன்னே உப்பிக்கொண்டு வாய் ஓரத்தை மறைக்கும். போன் பிள்ளையின் காது உயரத்தில் இருக்க வேண்டும், அதற்கு நீங்கள் முட்டி போட வேண்டும். நிற்கிற இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டால் எல்லாப் படத்திலும் அளவு ஒன்றாக வரும்.

போனில் எச்டிஆரை அணையுங்கள், அது நிழலைத் தூக்கிக் காட்டப் பார்க்கும். போர்ட்ரெய்ட் மோடு வேண்டவே வேண்டாம், காதோரத்துச் சுருள் முடியை அது பின்னணியோடு சேர்த்துக் கரைத்துவிடும். முகத்தின் ஓரத்தைத் தொட்டு ஃபோகஸ் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வேட்டியின் நெசவு லேசாகத் தெரிகிற அளவில் நிறுத்துங்கள்.

சரியான பக்கவாட்டா என்று பார்க்க, உங்களுக்கு மறுபக்கம் இருக்கிற கண்ணின் இமை முடியைத் தேடுங்கள். அது தெரிந்தால் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. எதிரே அதே உயரத்தில் இன்னொரு பிள்ளையை நிறுத்தி, அதன் மூக்கைப் பார்க்கச் சொன்னால் தானாகச் சரியாகும். சிரிக்கச் சொல்லாதீர்கள். பக்கவாட்டில் சிரிப்பு சிரிப்பாகத் தெரியாது, உதடு இழுபட்டுக் கோடே மறைந்துபோகும். மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். உதடு அழுத்தமில்லாமல் சேரும், அந்த நொடியில் எடுங்கள்.

பெண் பிள்ளைகளின் சடையைக் கவனியுங்கள். ஒற்றைச் சடை பிடரியில் ஒட்டிக் கிடந்தால் படத்தில் கழுத்து தூண் மாதிரி தடித்துவிடும். அதை அந்தப் பக்கத்துத் தோளுக்கு மாற்றிப் போடுங்கள். ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டைச் சடையைப் போல நிழலுருவத்துக்குப் பொருத்தமான அலங்காரம் வேறில்லை. ஆனால் சடை வளையத்துக்கும் கழுத்துக்கும் நடுவே வெள்ளை இடைவெளி தெரிய வேண்டும், விரலால் கொஞ்சம் தள்ளிவிட்டு எடுங்கள். பையன்களுக்குக் காலரைப் பிடரியில் அமுக்கிவிடுங்கள்.

மொட்டைப் பையன்களுக்காகக் காத்திருக்கவே காத்திருக்காதீர்கள். தலையின் முழு வடிவமும், பின்மண்டையின் வளைவும், காதும் இத்தனை தெளிவாக வேறு எப்போது கிடைக்கப்போகிறது? அந்த இரண்டு படமும்தான் உங்கள் வகுப்பிலேயே அழகாக வரும்.

---

டிடிபி_சிவகாசி

டீச்சர், ஸ்டுடியோ அண்ணன் சொன்ன மாதிரி எடுத்தாலே பாதி வேலை முடிஞ்சுது. மீதி ஜிம்ப் வேலையை நான் சொல்றேன். காலண்டர், நோட்டு அட்டைன்னு நாள் பூரா வெட்டி ஒட்டுற வேலைதான் எனக்கு.

த்ரெஷோல்ட்டைக் கடைசிப் படமா வச்சுக்காதீங்க. அது ஒவ்வொரு புள்ளியையும் ஒண்ணு கருப்பு, இல்லாட்டி வெள்ளைன்னு பிரிச்சிடும், நடுவுல சாம்பல் கிடையாது. அதனாலதான் ஓரம் படிக்கட்டாத் தெரியுது. த்ரெஷோல்ட் பண்ணின படத்தை வழிகாட்டியா அடியில் வச்சுக்கிட்டு, மேல பாத் டூலால (புள்ளி வச்சு வளைவு வரையுற கருவி) கோடு இழுங்க.

முதல்ல போட்டோவைத் திறந்து லேயரை ஒரு டூப்ளிகேட் எடுங்க. அந்த நகல்ல கலர்ஸ் மெனுவுக்குப் போய் நிறத்தை எடுக்குற டீசாச்சுரேட், அப்புறம் த்ரெஷோல்ட். தலைக்குள்ள திட்டு இருந்தாலும் கவலை வேண்டாம், நமக்கு வேண்டியது வெளி ஓரம் மட்டும். லேயரோட ஒப்பாசிட்டியைப் பாதியாக் குறைச்சா கீழே அசல் போட்டோவும் சேர்ந்து தெரியும். எங்கே சந்தேகமோ அங்கே அசலை நம்புங்க.

இப்ப கீபோர்டுல B எழுத்தைத் தட்டினா பாத் டூல் வரும். 200 சதவீதத்துக்குப் பெரிசாக்கி நெத்தி முடி ஆரம்பிக்கிற இடத்துல முதல் புள்ளி வைங்க. புள்ளி வச்சு விடாம இழுத்தா கோடு வளையும். நிறையப் புள்ளி வச்சா முகம் நடுங்கின மாதிரி ஆயிடும். நெத்தியோட எடுப்பான இடம், மூக்குத் தண்டோட பள்ளம், மூக்கு நுனி, மூக்குக்கு அடி, மேலுதடு, ரெண்டு உதடும் சேர்ற இடம், கீழுதடு, அதுக்குக் கீழ இருக்குற குழி, மோவாய். முகத்துக்கு இந்தப் புள்ளிகள் போதும், நடுவுல வளைவை இழுத்துச் சரி பண்ணுங்க. முடிக்கும்போது கண்ட்ரோல் பிடிச்சுக்கிட்டு முதல் புள்ளியை க்ளிக் பண்ணினா கோடு மூடிக்கும்.

கீழ்ப் பக்கத்தைச் சட்டையோட நேரா வெட்டாதீங்க, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆயிடும். நெஞ்சுல ஆரம்பிச்சு உள்ளே வளைஞ்சு தோளுக்குப் பின்னாடி ஏறுற ஒரே வளைவாப் போடுங்க. பழைய நிழலுருவம் எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கும். 19 பேருக்கும் அதே வளைவு இருந்தா வரிசையா வைக்கையில பார்க்க லட்சணமா இருக்கும்.

என்டர் தட்டினா பாத் செலக்‌ஷனா மாறும். புதுசா ஒரு வெறும் லேயர் போட்டு அதுல கருப்பை நிரப்புங்க. அதுக்கு அடியில வெள்ளை லேயர். ஃபெதரை ஆன் பண்ணாதீங்க, ஓரம் புகை மாதிரி ஆயிடும்.

ஜிம்ப்போட சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் ஃபைலா பெயரோட சேவ் பண்ணி வைங்க. ஜேபெக் மட்டும் வச்சிருந்தா பின்னாடி திருத்த முடியாது.

---

சுருக்குவழி

இதுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? பேக்கிரவுண்டு எடுக்கிற ஆப் போன்லயே இருக்கு. போட்டோவைக் கொடுத்தா ஒரு நொடியில ஆளை வெட்டிக் கொடுக்கும், அதைக் கருப்பாக்கினா வேலை முடிஞ்சது. 19 படமும் டீ குடிக்கிற நேரத்துல ரெடி.

---

கும்பகோணம்_ஸ்டுடியோக்காரர்

தம்பி, தோளையும் முதுகையும் வெட்ட அதைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நேர்முகப் படத்தில் கண் இருக்கிறது, புன்னகை இருக்கிறது, நிறம் இருக்கிறது. ஒன்று தவறினாலும் இன்னொன்று ஆளைக் காட்டிக்கொடுக்கும். நிழலுருவத்தில் அந்த ஒரு கோடுதான் முழு ஆளும். நான் பார்த்தவரை இந்த ஆப்கள் கோட்டை வழவழவென்று ஆக்கிவிடுகின்றன. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள சின்னப் பள்ளம் நிரம்பிவிடும், உதடு இரண்டும் ஒன்றாகும், இமை முடி போய்விடும். 19 படம் எடுத்தால் 19லும் ஒரே பிள்ளை நிற்கும்.

ஆறு வயதுப் பிள்ளையின் கோடு பெரியவர்களுடையது போல இருக்காது. நெற்றி முன்னுக்கு உருண்டிருக்கும். மூக்குத் தண்டு இன்னும் எழும்பியிருக்காது, நுனி சற்று மேலே பார்க்கும். மேலுதடு கொஞ்சம் முன்னே, மோவாய் உள்ளே. முகத்தின் கீழ்ப்பாதி வளர வளர இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். முன்பல் விழுந்த பிள்ளைக்கு உதடு லேசாக உள்ளே அமுங்கியிருக்கும், அடுத்த வருடம் புதுப் பல் முளைத்ததும் அது இருக்காது. ஒன்றாம் வகுப்பில் எடுக்கிற படத்தில் அதுதானே பொக்கிஷம்? அதை மென்பொருள் "சரி" செய்துவிட்டால் பிறகு எங்கே போய்த் தேடுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் மனதில் வெகுநாளாக இருப்பது. ஸ்டுடியோவில் நெகட்டிவ் மேல் பென்சில் பிடித்து டச்சிங் செய்த காலத்திலிருந்து, "மூக்கைக் கொஞ்சம் எடுப்பாக்குங்க, பல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க" என்று பெற்றவர்கள் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே கேட்பார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கும். பெரியவர்களின் படத்தில் ஆயிரம் திருத்துங்கள். பிள்ளையின் மூக்கைத் திருத்தாதீர்கள். பாத் டூல் கையில் இருக்கும்போது விரல் தானாக அழகுபடுத்தப் பார்க்கும், டீச்சரம்மா, விடாதீர்கள். சப்பை மூக்கு சப்பை மூக்காகவே வரட்டும். அந்த வீட்டில் அப்பாவுக்கோ ஆத்தாவுக்கோ அதே மூக்கு இருக்கும், படத்தைப் பார்த்ததும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கண்ணாடி போட்ட பெண்ணிடம் நீங்களே கேளுங்கள், "போட்டுக்கிட்டு எடுக்கலாமா, கழட்டிட்டு எடுக்கலாமா?" என்று. போட்டுக்கொள்கிறேன் என்றால் அப்படியே எடுங்கள். பக்கவாட்டில் கண்ணாடி என்பது மூக்குத் தண்டின் முன்னால் நீட்டும் சின்ன விளிம்புதான். கண்ணுக்கும் விளிம்புக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று விட்டு வரையுங்கள், அது இல்லாவிட்டால் புருவத்தில் கட்டி மாதிரி தெரியும்.

இமை முடிக்கு பாத் டூல் வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு சின்னக் கருப்பு பிரஷ் எடுத்து, அசலைப் பார்த்து இரண்டு மூன்று கீற்று. நெற்றியில் எண்ணெய்க்கு அடங்காத முடி, பின்கழுத்துப் பூனைமுடி, இவற்றையும் அப்படியே.

---

கத்தரிக்காரன்

நான் காகிதம் வெட்டுகிறவன், கம்ப்யூட்டர் அவ்வளவாக வராது. ஆனால் டீச்சருக்கு உதவுகிற பழைய வழி ஒன்று தெரியும்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் சார்ல்ஸ் வில்சன் பீல் என்ற ஓவியர் ஓர் அருங்காட்சியகம் நடத்தினார். 1802இல் அங்கே முகத்தின் ஓரத்தைத் தடவி அதைச் சிறிதாக்கிக் காகிதத்தில் பதிக்கும் கருவி ஒன்றை வைத்தார்கள். அதில் முகம் வெட்டியவர் மோசஸ் வில்லியம்ஸ். பீலின் வீட்டில் அடிமையாகப் பிறந்து வளர்ந்தவர், அந்த வருடம்தான் விடுதலை பெற்றார். ஒரு முகத்துக்கு 8 சென்ட். அடுத்த ஒரே வருடத்தில் 8,000க்கும் மேல் வெட்டியிருக்கிறார். கருவி பதித்தது வெறும் தடத்தை மட்டும். இமையும் முடிக் கீற்றும் அவருடைய கையில் வந்தவை.

அவர் கருப்புத் தாளை வெட்டி ஒட்டவில்லை. வெள்ளைத் தாளின் நடுவில் முகத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குப் பின்னால் கருப்பை வைப்பார்கள். வெள்ளைத் தாளை மடித்து வெட்டினால் ஒரே தடவையில் நான்கு பிரதி.

டீச்சர், ஜிம்ப்பில் கருப்பு நிரப்புவதற்குப் பதில் அதே பாத்தை மெல்லிய சாம்பல் கோடாக மட்டும் போட்டு, கெட்டியான வெள்ளைத் தாளில் பிரின்ட் எடுங்கள். கோட்டின் மேலேயே பேனாக்கத்தியால் வெட்டி, பின்னால் கருப்பு சார்ட் ஒட்டுங்கள். பிரின்டரில் கருப்பு மை தீராது. மூக்கு, உதடு பக்கம் வெட்டும்போது கத்தியை நிறுத்தித் தாளைத் திருப்புங்கள். இமை முடியை மட்டும் வெட்ட வேண்டாம், பின்னர் கருப்புப் பேனாவால் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் பெயரும் சொல்கிறேன். ஒகுஸ்த் எதுவார் என்ற பிரெஞ்சுக்காரர் கத்தரியை மட்டும் வைத்துக்கொண்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் போய் வெட்டினார். தாளை இரட்டையாக மடித்து வெட்டி, ஒன்றை ஆளிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தன் ஆல்பத்தில் ஒட்டி, பெயர், ஊர், தேதி எழுதி வைப்பார். 1849இல் திரும்புகிற வழியில் கப்பல் உடைந்து அந்த ஆல்பங்களில் பெரும்பகுதி கடலோடு போயிற்று. தப்பிய படங்களில் இருப்பவர் யார் என்று இன்றைக்கும் தெரிகிறதென்றால் அவர் எழுதி வைத்ததனால்தான். நீங்களும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், வயது, தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும்.

---

ஒண்ணாப்பு_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வேட்டி கட்டி எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் வைத்த தலை, வெள்ளைச் சட்டை எல்லாமே தார் பூசின மாதிரி ஒரே கருப்பு! த்ரெஷோல்ட்டில் ஒரு திட்டுகூட இல்லை.

மூக்கைப் பார்க்கச் சொன்னதும் நன்றாக வேலை செய்தது. ஆனால் எதிரே நிற்கிற பிள்ளை சிரிக்க, இந்தப் பிள்ளையும் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறது. அதனால் எதிரே பலகையில் சாக்பீஸால் ஒரு பூ வரைந்து, அதன் இதழை மனசுக்குள் எண்ணச் சொன்னேன். வாய் தானாக மூடிக்கொள்கிறது.

கண்ணாடிப் பெண் "போட்டுக்கிறேன் மிஸ்" என்றாள். மொட்டைப் பையன்கள் இருவருக்கும் காது எவ்வளவு வித்தியாசம் என்று இந்தப் படத்தில்தான் எனக்கே தெரிந்தது. வகுப்பில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். பெயரே போடாமல் ஒவ்வொரு படத்தையும் பார்த்து யார் யார் என்று பிள்ளைகள் கத்திச் சொல்லிவிட்டார்கள்.

அதைப் பார்த்தபிறகு வாட்ஸ்அப் யோசனை குழப்பமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கே இப்படித் தெரிகிறதென்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும்தானே? அப்புறம் பிரின்ட் விஷயம். கத்தியால் வெட்டுகிற வழியை மொட்டைப் பையன்களுக்கும் இன்னும் சிலருக்கும் செய்துவிடுவேன். சடை, ரிப்பன் உள்ள படங்களுக்கு வெட்ட என் கை போதாது. அவற்றை எங்கே, எப்படி பிரின்ட் எடுப்பது? பெயரைப் படத்திலேயே போடலாமா?

---

டிடிபி_சிவகாசி

டீச்சர், பலகையில பூ வரைஞ்சது நல்ல யோசனை.

குரூப்ல போடுறதைப் பத்தி என் கருத்து. தெரிஞ்சவங்களுக்கு ஆள் தெரியும், தெரியாதவங்களுக்குத் தெரியாது, அந்த அளவுக்குத்தான் நிழலுருவம் முகத்தை மறைக்கும். பெயர், ஊர், பள்ளிக்கூடம் மூணும் படத்தோட சேர்ந்துட்டா அந்த மறைப்பும் போச்சு. அதனால குரூப்புக்குன்னா பெயர் இல்லாத படம் மட்டும், அதுவும் 19 வீட்டுலயும் சம்மதம் வாங்கிட்டு. ஒரு வீடு வேண்டாம்னு சொன்னாலும் அந்தப் படத்தை விட்டுடுங்க. போன்ல இருக்குற அசல் போட்டோக்களை வேலை முடிஞ்சதும் அழிச்சிடுங்க.

பிரின்ட்டுக்கு 5க்கு 7 இன்ச் வச்சுக்கலாம். ஜிம்ப்ல புது ஃபைல் திறக்கும்போது 1500க்கு 2100 பிக்சல், ரெசல்யூஷன் 300. உருவம் மூணுல ரெண்டு பங்கு இடத்தை எடுக்கட்டும், முகம் பார்க்குற பக்கம் வெள்ளை கொஞ்சம் அதிகமா விடுங்க. மூக்கு விளிம்பில முட்டுற மாதிரி இருந்தா மூச்சு முட்டும்.

ஜெராக்ஸ் கடை லேசர்ல எடுக்காதீங்க. பெரிய கருப்புப் பரப்புல கோடு கோடா விழும், மடிச்சா உதிரும். தாராபுரத்துல போட்டோ லேப் இருக்கும், அங்கே மேட் பேப்பர்ல போடச் சொல்லுங்க. பளபளப்புத் தாள் வேண்டாம், கருப்புல பார்க்கிறவங்க முகம் தெரியும். கொடுக்கும்போது "கரெக்‌ஷன் பண்ணாதீங்க, அப்படியே போடுங்க"ன்னு கண்டிப்பாச் சொல்லணும். இல்லாட்டி ஆளே தெரியாத இருட்டுப் படம்னு நினைச்சு வெளிச்சத்தை ஏத்தி, கருப்பைச் சாம்பலாக்கிக் கொடுத்துடுவாங்க.

பெயரை லேப்புக்குக் கொடுக்குற ஃபைல்ல போட வேண்டாம். அடியில ஒரு இன்ச் வெள்ளை விட்டு வைங்க, பிரின்ட் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயரைத் தானே எழுதச் சொல்லுங்க. ஒண்ணாப்பு முடிக்கிற பிள்ளைங்கதானே, எழுத வரும். மேட் தாள்ல சாதாரணப் பேனா ஈஷும், பர்மனென்ட் மார்க்கர் மெல்லிசு முனையில வாங்கிக் கொடுங்க. ரெண்டு நிமிஷம் தாளைத் தொடாம காய விடணும்.